டிஜிட்டல் ரேடியோ பெட்டி இப்போது வாங்கலாமா, இல்லை எல்லாமே இணையத்துக்குப் போய்விடுமா?

இரவுக்காது எழுதியது:

வணக்கம். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய எங்கள் வீட்டு ரேடியோ போன வாரம் நின்றுவிட்டது. ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது, ட்யூனர் பக்கம்தான் போய்விட்டது என்று பிரித்துப் பார்த்தவர் சொன்னார், அதற்கான பாகம் இப்போது வருவதில்லையாம். அந்தப் பெட்டியை அதிகம் கேட்பவர் என் அப்பா. எண்பது வயது தாண்டிவிட்டது, பார்வை மங்கிவிட்டது, திரையைத் தொட்டு ஆப்பைத் திறந்து நிலையத்தைத் தேடுவதெல்லாம் அவரால் ஆகாது. குமிழைத் திருகினால் குரல் வர வேண்டும், அவர் கேட்பது அவ்வளவுதான்.

புதிதாக ஒன்று வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால் தலை சுற்றுகிறது. டிஏபி பிளஸ் என்கிறார்கள், டிஆர்எம் என்கிறார்கள், எச்டி ரேடியோ என்று ஒன்று, வைஃபை ரேடியோ என்று இன்னொன்று, செயற்கைக்கோள் வழியாக வருவது தனி. இதில் ஒன்றை வாங்கி வைத்து, ஐந்து வருடத்தில் அந்த முறையையே மூடிவிட்டால் என்ன செய்வது? ஃபோனிலேயே எல்லாம் கிடைக்கும்போது இந்தப் பெட்டிகளுக்கு உண்மையில் எதிர்காலம் இருக்கிறதா? விஷயம் தெரிந்தவர்கள் மட்டும் இல்லை, தினமும் கேட்பவர்களும் சொல்லுங்கள்.

கோபுரத்தடி எழுதியது:

டிரான்ஸ்மிட்டர் பக்கம் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. நீங்கள் எழுதிய பெயர்கள் எல்லாம் ஒரே சாமானின் வெவ்வேறு பிராண்டுகள் இல்லை, தனித்தனி ஒலிபரப்பு முறைகள், ஒன்றை இன்னொன்றில் கேட்க முடியாது. டிஏபி ஐரோப்பாவில் 1987இல் தொடங்கிய யுரேகா 147 திட்டத்தில் பிறந்தது, 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் போகிறது. எச்டி ரேடியோவுக்கு அமெரிக்கா 2002இல் அனுமதி கொடுத்தது, அது புது அலைவரிசை கேட்காமல் பழைய எப்எம் அலைவரிசையின் இரு ஓரங்களிலேயே டிஜிட்டலையும் சேர்த்து அனுப்பும். டிஆர்எம் முதலில் மத்திய அலைக்கும் சிற்றலைக்கும் வந்தது, இந்தியாவில் ஆகாசவாணி 30க்கும் மேற்பட்ட மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை அதற்கு மாற்றியிருக்கிறது. ஆனால் அங்கே அதைக் கேட்கும் பெட்டி இருப்பது பெரும்பாலும் கார்களில்தான், வீட்டுப் பெட்டிகள் குறைவு. அதனால் நீங்கள் இருக்கும் இடத்தில் காற்றில் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பெட்டியைப் பாருங்கள். மாறிச் செய்தால் பணம் வீண்.

இரண்டாவது, எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். என் கணக்கு எளிமையானது. டிஏபியில் பல நிலையங்களை ஒன்றாகக் கட்டி ஒரே அலைவரிசையில் அனுப்புவார்கள், அதைத் தொகுப்பு என்பார்கள். ஒரு தொகுப்பு 1.536 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுக்கும், அதில் வழக்கமான பிழைத்திருத்த அளவில் நொடிக்கு சுமார் 1.1 மெகாபிட் அனுப்பலாம். ஒரு நிலையத்துக்கு 64 கிலோபிட் என்று, டிஏபியின் புதிய வடிவமான டிஏபி பிளஸில் கொடுத்தால் பதினெட்டு நிலையங்கள் ஒரே டிரான்ஸ்மிட்டரில் போகும். அதைப் பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் மின்சாரச் செலவு ஒன்றுதான். இணையத்தில் அப்படி இல்லை, கேட்கும் ஒவ்வொருவருக்கும் சர்வரிலிருந்து தனித்தனியாக ஒரு ஓடை போக வேண்டும். 128 கிலோபிட் ஸ்ட்ரீமை ஒரு லட்சம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் நொடிக்கு 12.8 கிகாபிட். கேட்பவர் கூடக் கூட நிலையத்துக்குச் செலவும் கூடும். நிறையப் பேர் கேட்பதே ஒரு நிலையத்துக்குப் பாரமாகிவிடுவது ஒலிபரப்பின் இயல்புக்கே எதிரானது என்று நினைக்கிறேன்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். எப்எம் சிக்னல் பலவீனமானால் இரைச்சல் வரும், ஆனாலும் பேசுவது புரியும். டிஏபி அப்படிப் படிப்படியாக இறங்காது. சேற்றில் குமிழி விடுவதுபோல ஒரு சத்தம் வந்து, அடுத்த நொடி முழு அமைதி. எச்டி ரேடியோ இந்த இடத்தில் கொஞ்சம் நல்லது, டிஜிட்டல் விட்டுப்போனால் அதே நிலையத்தின் எப்எம் ஒலிக்குத் தானாக இறங்கிவிடும்.

நெடுந்தொலைவு எழுதியது:

கோபுரத்தடி சார் சொன்ன கணக்கை மறுக்கவில்லை, ஆனால் அது நிலையத்தின் பக்கத்திலிருந்து போட்ட கணக்கு. கேட்பவன் பக்கத்திலிருந்து பாருங்கள். நான் என் மொழி பேசுபவர்கள் அதிகம் இல்லாத ஊரில் பல வருடம் இருக்கிறேன். இங்கே காற்றில் வரும் எந்த அலையிலும் என் மொழி இல்லை, எந்த டிஏபி தொகுப்பிலும் யாரும் எனக்காக 64 கிலோபிட் ஒதுக்கப் போவதில்லை. இணைய ரேடியோ வந்த பிறகுதான் காலையில் எழுந்ததும் தாய்மொழியில் ஒரு குரல் கேட்கிறது. கோபுரம் எட்டுகிற தூரத்தில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம், எனக்கு நாளே அதில்தான் தொடங்குகிறது.

அப்புறம், டிஜிட்டல் ஒலிபரப்பு ஏதோ நிச்சயமான முதலீடு என்பதுபோலப் பேசுவதையும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஹாங்காங் தன் டிஏபி சேவையை 2017இல் நிறுத்தியது. அயர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ 2021 மார்ச் மாதத்தோடு நிறுத்திவிட்டது. பழைய டிஏபியில் ஒலியைச் சுருக்கி அனுப்ப இருந்தது எம்பி2 முறை, 2007இல் டிஏபி பிளஸ் வந்து எச்இ-ஏஏசிக்கு மாறியபோது பழைய முறைக்கு மட்டும் செய்த பெட்டிகளால் புதியதைப் படிக்க முடியவில்லை. பிரிட்டனில் பழைய முறையில் இடம் போதாமல் எத்தனையோ நிலையங்களை 80, 64 கிலோபிட்டுக்கு நசுக்கி மோனோவில் விட்டார்கள், எப்எம்மை விட மோசமாகக் கேட்டது. டிஜிட்டல் என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கியவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இணையத்துக்கு யாருடைய கோபுரமும் வேண்டாம். 1993இல் கார்ல் மாலமூட் இணையத்தில் பேச்சு நிகழ்ச்சி தொடங்கியதிலிருந்து இன்று வரை அதன் பலம் இதுதான்: ஒரு அறை, ஒரு மைக், ஒரு கணினி இருந்தால் யாரும் நிலையம் நடத்தலாம். விட்டுப்போன நிகழ்ச்சியை மறுநாள் கேட்கலாம். இதெல்லாம் கோபுரத்தால் முடியுமா?

விண்குரல் எழுதியது:

செயற்கைக்கோள் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை, அந்தப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வேர்ல்ட்ஸ்பேஸ் நினைவிருக்கிறதா? நோவா சமாரா 1990இல் தொடங்கிய செயற்கைக்கோள் வானொலி நிறுவனம். அதன் செயற்கைக்கோள்களில் ஆஃப்ரிஸ்டார் 1998இல் மேலே போனது, ஆசியாஸ்டார் 2000இல். சாலையும் கம்பியும் போகாத இடத்துக்கும் வானத்திலிருந்து நேராகத் தெளிவான ஒலி, அந்த எண்ணத்தை இப்போது நினைத்தாலும் மனம் நிறைகிறது. சந்தாதாரர்களில் பெரும்பாலோர் இந்தியாவில் இருந்தார்கள். 2008இல் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது, 2009 கடைசி நாளோடு இந்தியச் சேவை நின்றது, அத்தனை பெட்டிகளும் ஒரே இரவில் பயனில்லாமல் போயின. ஒரே நிறுவனத்தின் சேவையை நம்பிச் செய்த பெட்டிகள் அவை.

அதே காலத்தில் அமெரிக்காவில் எக்ஸ்எம் 2001இலும் சிரியஸ் 2002இலும் செயற்கைக்கோள் வானொலி தொடங்கின, இரண்டும் 2008இல் இணைந்து இன்றும் மூன்று கோடிக்கும் அதிகமான சந்தாதாரர்களோடு ஓடுகிறது. ஏன் இது நிலைத்தது, வேர்ல்ட்ஸ்பேஸ் விழுந்தது? என் கருத்தில் கார்தான் காரணம். சிரியஸ் எக்ஸ்எம் கார் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டு, வண்டி வாங்கும்போதே ரிசீவர் உள்ளே இருக்கும்படி செய்தது. உயரமான கட்டடங்கள் மறைக்கும் நகரங்களில் தரையிலும் மறுஒலிபரப்பிகளை வைத்தது. வேர்ல்ட்ஸ்பேஸுக்கு அந்த வசதி இல்லாததால் ஆன்டெனாவை ஜன்னலில் செயற்கைக்கோளைப் பார்த்து வைத்துவிட்டு அசையாமல் கேட்க வேண்டியிருந்தது, ஓடும் வண்டிக்கு அது எப்படிச் சரிவரும்?

ஆக, நீண்ட நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓட்டுபவருக்குச் செயற்கைக்கோள் இன்னும் அருமையான வழி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நிலையம் மாறாது. வீட்டுக்குள் கேட்கும் உங்கள் அப்பாவுக்கு அது சரிப்படாது. டிவிக்கு டிஷ் வைத்திருந்தால் அதிலேயே சில வானொலி நிலையங்கள் வரும், ஆனால் அதற்கு டிவியைப் போட வேண்டும், ரிமோட்டில் எண் தேட வேண்டும்.

திருகுகுமிழ் எழுதியது:

இரவுக்காது, உங்கள் அப்பா மாதிரி எங்கள் வீட்டில் என் அத்தை இருந்தார், அதனால் இந்தக் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை.

அவருக்கு நான் வாங்கிக் கொடுத்தது வைஃபை ரேடியோ. தொட்டால் நழுவாத நல்ல பொத்தான்கள், ஒன்று முதல் பத்து வரை நிலையங்களைப் பதிந்து வைத்திருந்தேன், நான்கு வருடம் எந்தக் குறையும் இல்லை. ஒரு நாள் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் நிலையம் வரவில்லை. நிலையங்கள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன, எங்கள் வீட்டு இணையமும் சரியாக இருந்தது. பெட்டி ஒவ்வொரு முறையும் நிலையத்தின் முகவரியை எங்கோ ஒரு சர்வரில் கேட்டுத்தான் இயங்குமாம், அந்தப் பட்டியலை நடத்திய நிறுவனம் சேவையை மூடிவிட்டது. ஒரு பாகமும் கெடாத பெட்டி அப்படியே ஊமையாகிவிட்டது. அத்தை தினமும் அதை அழுத்திப் பார்ப்பார், தன் கைதான் சரியாக அழுத்தவில்லை என்று நினைத்துக்கொண்டு. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

அதனால் நெடுந்தொலைவு சொல்வதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. இணையத்துக்குக் கோபுரம் வேண்டாம் என்கிறீர்கள், ஆனால் நடுவில் எத்தனை கை இருக்கிறது பாருங்கள்: இணைய நிறுவனம், பட்டியல் நடத்துபவர், ஆப் செய்தவர், ஃபோன் செய்த நிறுவனம், பாட்டு உரிமை காரணமாக இந்த நாட்டில் இதைத் திறக்காதே என்று பூட்டுபவர். இதில் ஒருவர் கையை எடுத்தாலும் குரல் நின்றுவிடும். கூடவே, எப்எம் கேட்கிறவன் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆப்பில் கேட்டால் எந்த நேரத்தில் எதை எவ்வளவு நேரம் கேட்டோம் என்பது முழுக்கப் பதிவாகிறது. இரவில் தனியாக உட்கார்ந்து கேட்பதை யாரும் குறித்துவைக்காமல் இருப்பதும் ஒரு நிம்மதிதான், அதை எளிதாக விட்டுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

வைஃபை பெட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கினால் ஸ்ட்ரீம் முகவரியை நாமே நேராகப் பதிய முடிகிறதா, எப்எம்மும் டிஏபி பிளஸும் சேர்ந்தே இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மூடினால் மற்றது பாடும்.

நெடுந்தொலைவு எழுதியது:

அத்தை பற்றிப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. நடுவில் இருக்கும் கைகள் பற்றி நீங்கள் சொன்னது சரிதான், நான் அதை அவ்வளவாக யோசிக்கவில்லை. பாட்டுக்கான ராயல்டியும் அப்படித்தான். அமெரிக்காவில் எப்எம் நிலையம் பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் கொடுத்தால் போதும், பாடிய பதிவுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. இணைய நிலையம் அதையும் கொடுக்க வேண்டும், அதுவும் ஒரு பாட்டுக்கு ஒரு கேட்பவருக்கு என்று எண்ணி. நான் விரும்பிக் கேட்கும் சின்ன நிலையங்கள் இந்த மாதிரிச் சுமையில் எவ்வளவு நாள் தாங்கும் என்ற கவலை எனக்கும் உண்டு.

இரவுக்காது எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னும் இரண்டு கேள்வி. மின்சாரம் போய், செல்ஃபோன் கோபுரமும் விழுந்தால் இதில் எது பாடும்? மழை, புயல் என்றால் அப்பா முதலில் தேடுவது ரேடியோவைத்தான். இன்னொன்று, எப்எம்மை நிறுத்தப் போகிறார்கள் என்பது உண்மையா?

கோபுரத்தடி எழுதியது:

முதல் கேள்விதான் எனக்கு மிக முக்கியமானது, ஏனென்றால் இந்த விவாதத்தில் சாதாரண நாட்களை மட்டுமே வைத்து முடிவு செய்துவிடுகிறோம். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனது. பல மணி நேரம். செல்ஃபோன் கோபுரங்களின் பேட்டரி தீர்ந்துபோக, என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஜனங்கள் கடைகளில் பேட்டரி ரேடியோவைத் தேடி வாங்கினார்கள், பெட்டி வைத்திருந்தவரைச் சுற்றித் தெருவில் கூட்டமாக நின்று கேட்டார்கள். 2022இல் உக்ரைனில் போர் தொடங்கியபோது பிபிசி, முடிந்துபோன காலத்துத் தொழில்நுட்பம் என்று பலர் ஒதுக்கிய சிற்றலையில் மீண்டும் அந்தப் பகுதிக்குச் செய்தி அனுப்பியது. அடுத்த வருடம் சூடானுக்கும். எல்லைக்கு வெளியே இருக்கும் கோபுரத்தை உள்ளே இருப்பவர் யாரும் அணைக்க முடியாது அல்லவா.

ஒலிபரப்புக் கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும்தான். ஆனால் ஒரு பெரிய கோபுரம் மிகப் பெரிய பரப்புக்குப் போதும், அங்கே ஜெனரேட்டரும் டீசலும் வைத்துக் காப்பாற்றுவது ஆயிரக்கணக்கான செல் கோபுரங்களைக் காப்பாற்றுவதை விட எளிது. கேட்கும் பக்கத்தில், டிஏபி பெட்டி எப்எம் பெட்டியை விட அதிக பேட்டரி குடிக்கும். எனவே அவசரத்துக்கு எப்எம்மும் மத்திய அலையும் எடுக்கிற, சாதாரண பேட்டரி போடுகிற ஒரு சின்னப் பெட்டி தனியாக இருக்கட்டும். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

எப்எம் பற்றி. நார்வே 2017 ஜனவரி 11 அன்று வடக்கில் ஆரம்பித்து அந்த டிசம்பருக்குள் தேசிய நிலையங்களின் எப்எம்மை நிறுத்திவிட்டது. சின்ன உள்ளூர் நிலையங்கள் எப்எம்மிலேயே தொடர்ந்தன. மலையும் கடல் பிளவுகளும் நிறைந்த நாடு, ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனி எப்எம் வலை கட்டுவதை விட, பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் சேர்ந்து பாடும் டிஏபி அவர்களுக்கு லாபம். சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் 31 அன்று எப்எம்மை நிறுத்தியது, கேட்பவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தார்கள். இந்த இரண்டையும் பார்த்த மற்றவர்கள் நிதானமாக இருக்கிறார்கள், பிரிட்டன் 2030 வரையாவது எப்எம் இருக்கும் என்று சொல்லிவிட்டது. எல்லா இடத்திலும் நாளைக்கே போய்விடாது.

விண்குரல் எழுதியது:

கார் பக்கத்தில் ஒன்று சேர்க்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 டிசம்பர் 21 முதல் புதிய கார்களில் ரேடியோ இருந்தால் அது தரைவழி டிஜிட்டலையும் எடுக்க வேண்டும் என்பது சட்டம். இதற்கு எதிர்த்திசையில், மின்சாரக் கார்களின் மோட்டார் இரைச்சல் மத்திய அலையைக் கெடுக்கிறது என்று சில கம்பெனிகள் அதை எடுத்துவிட்டன, அமெரிக்காவில் அதைத் திரும்ப வைக்கச் சொல்லிச் சட்ட மசோதாவே வந்திருக்கிறது. புதிய கார்களில் ரேடியோடிஎன்எஸ் என்ற ஏற்பாடும் வருகிறது, கோபுரத்தின் எல்லை தாண்டினால் அதே நிலையத்தை இணையத்தில் பிடித்துக்கொள்ளும், ஓட்டுபவருக்கு மாறியதே தெரியாது. கோபுரமும் இணையமும் ஒன்றையொன்று தாங்கும் இந்த வழிதான் எனக்கு நம்பிக்கை தருகிறது, இந்த ஏற்பாடு வீட்டுப் பெட்டிகளுக்கும் பரவலாக வர வேண்டும்.

திருகுகுமிழ் எழுதியது:

வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். யாரிடமாவது டிஏபி பெட்டி இருந்தால் ஒரு நாள் இரவல் வாங்கி, அப்பா படுக்கிற அறையிலேயே வைத்துப் பாருங்கள். வரைபடத்தில் சிக்னல் இருக்கிறது என்று போட்டிருக்கும், தடித்த சுவருக்குப் பின்னால் வராது.

இரவுக்காது எழுதியது:

திருகுகுமிழ் சொன்னபடியே இரவல் பெட்டி ஒன்றை வைத்துப் பார்த்தோம். எங்கள் பகுதியில் டிஏபி பிளஸ் தொகுப்பு இரண்டு வருகிறது. கட்டில் பக்கத்து மூலையில் வைத்தபோது கோபுரத்தடி சார் எழுதிய அதே சேற்றுச் சத்தம், பிறகு அமைதி. ஜன்னல் ஓரம் நகர்த்தி, படுக்கையாக இருந்த ஆன்டெனாவை நேராக நிறுத்தியதும் தெளிவாக வந்துவிட்டது.

எப்எம், டிஏபி பிளஸ், இணையம் மூன்றும் உள்ள, முகவரியை நாமே பதிய முடிகிற, உண்மையான குமிழ் உள்ள பெட்டி ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறேன். அவசரத்துக்குச் சின்ன பேட்டரிப் பெட்டி தனி. முதல் மூன்று பொத்தானுக்கு எப்எம், அடுத்த மூன்றுக்கு டிஜிட்டல், கடைசி ஒன்றில் மட்டும் இணையத்தில் வரும் பழைய பாடல் நிலையம் என்று அப்பாவோடு உட்கார்ந்து முடிவு செய்தோம். விரல் தடவினால் தெரியும்படி முதல் பொத்தானில் சின்னதாக ஒரு புள்ளி ஒட்டச் சொன்னார்.